வாங்கும் விலையும் விற்கும் விலையும்

திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் சிறுவாச்சூருக்கு வேலை மிகுந்த நாள்கள். பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள இவ்வூரின் மதுரகாளியம்மன் கோயில், வாரத்தில் அவ்விரு நாள்களில்தான் வழக்கமாகத் திறந்திருக்கும். பேருந்தை விட்டிறங்கும் கூட்டத்தை ஏற்றிச் செல்ல மூன்று சக்கர ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். மற்ற நாள்களிலோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளும், பள்ளிப் பிள்ளைகளும், சந்தைக்குப் போகும் சின்ன வெங்காய மூட்டைகளுமே அவ்வண்டிகளுக்குப் பிழைப்பு.

2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமை நாம் அவ்வழியே சென்றோம். நமக்குப் பழக்கமான ஓட்டுநர் ஒருவர் அன்று நிறுத்தத்தில் காணப்படவில்லை. விசாரித்தபோது, வண்டியை விற்கப் போகிறார் என்றார்கள். கூட்டம் பெருகும் நாளில் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு விலை பேசிக் கொண்டிருக்கிறார் என்றால், ஏதோ நெருக்கடி இருக்க வேண்டுமல்லவா? வீட்டிற்கே சென்றோம்.

மூத்த மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் கட்ட வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் தவணையில் வாங்கிய ஆட்டோவை விற்று, எஞ்சிய கடனை அடைத்து, மீதியைக் கல்லூரிக்குக் கட்டலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் தரகர் கேட்ட விலை, அவ்வாண்டின் கோடையில் பக்கத்துத் தெருக்காரர் அதே வயதுள்ள வண்டியை விற்ற விலையைவிட ஏறத்தாழ ரூ. 20,000 குறைவு.

“வண்டியில ஒரு குறையும் இல்லைங்க ஐயா. புதுசே விலை இறங்கிப் போச்சு, பழசுக்கு எவன் பழைய விலை குடுப்பான்னு கேக்கறாரு. அவரு கேக்கறதும் நியாயமாத்தான் தெரியுது. ஆனா என் கடன் இறங்கலையே!” என்றார் அவர்.

இந்த ஒரு சொல்லில் பெரியதொரு பொருளாதார உண்மை அடங்கியிருக்கிறது. மலிந்த வண்டி சந்தைக்கு வரும்போது வாங்குவோர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சிக்குரிய விலையில் ஒரு பகுதியை, முன்னமே வாங்கியவர் செலுத்துகிறார். நம் பங்குகளில் ஆட்டோவை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அவற்றின் நலம் கருதி இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

விலை குறைந்தது எவ்வாறு?

2017ஆம் ஆண்டு ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றால் ஓடும் மூன்று சக்கர வண்டிகளுக்கு 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22ஆம் நாள் முதல் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மின்சார வண்டிகளுக்கான வரியோ 2019 ஆகஸ்டு முதல் நாளிலேயே 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது.

வரிக்கு முந்திய விலை ரூ. 2,00,000 என்று வைத்துக்கொண்டால், பழைய முறையில் வரியுடன் ரூ. 2,56,000. புதிய முறையில் ரூ. 2,36,000. ஒரே இரவில் ரூ. 20,000 குறைந்தது. புதிய வண்டி வாங்குவோருக்கு இது நல்ல செய்தி என்பதில் ஐயமில்லை. ஆனால் செப்டம்பர் 21ஆம் நாள் தம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றவர், மறுநாள் காலை அதே வண்டியைக் குறைந்த மதிப்புள்ளதாகக் கண்டார். வண்டி தேயவுமில்லை, விபத்தில் சிக்கவுமில்லை. பழைய வண்டிக்கு விலை சொல்வோர் அனைவரும் முதலில் புதிய வண்டியின் விலையைப் பார்க்கின்றனர்; அதிலிருந்து கழித்துக்கொண்டே வருகின்றனர். மேல்படி இறங்கினால் கீழ்ப்படிகளும் இறங்கத்தானே வேண்டும்?

இதற்கு நேர்மாறான காலமும் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாள் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. புதிய எஞ்சின்களும் புகை வடிக்கும் கருவிகளும் தேவைப்பட்டதால் புதிய வண்டிகளின் விலை உயர்ந்தது. அப்போது பழைய வண்டி வைத்திருந்தோருக்குப் பேரம் பேச இடம் கிடைத்தது.

இதனினும் தெளிவான சான்று இலங்கையில் உள்ளது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அந்நாடு 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அங்கு ஓடும் மூன்று சக்கர வண்டிகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து சென்றவை. புதியவற்றின் வரவு நின்றவுடன், ஓடித் தேய்ந்தவற்றின் விலை ஏறியது. ஆண்டுகள் கூடக் கூட விலை குறைய வேண்டிய பொருள், ஆண்டுகள் கூடியும் விலை மிகுந்து நின்றது! 2025இல்தான் அத்தடை படிப்படியாக நீங்கியது. பழைய வண்டியின் விலையைத் தீர்மானிப்பது அதன் இரும்பு மட்டுமன்று. புதிய வண்டி எவ்விலையில், எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதும் தான்.

உரிமத்திற்கும் ஒரு விலை

தில்லி மாநகரின் வரலாறு மற்றொன்றைக் கற்பிக்கிறது. 1997இல் உச்ச நீதிமன்றம் அங்கு ஆட்டோக்களின் எண்ணிக்கையை உயராதபடி நிறுத்தி வைத்தது. 2011இல்தான் அந்த உச்சவரம்பு ஒரு இலட்சமாக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய ஆட்டோ வாங்கியவர்கள் உண்மையில் வாங்கியது வண்டியை அன்று; அதனுடன் வந்த பெர்மிட்டைத்தான். அதனால் ஓட்டைப் பழைய வண்டியும், பெர்மிட்டோடு சேர்ந்து, புதிய வண்டியின் விலையையும் மிஞ்சிக் கைமாறியது. கடன் வாங்கி அவ்விலை கொடுத்த ஏழை ஓட்டுநர்களே அதன் சுமையைத் தாங்கினர்.

அத்தகைய மதிப்பு அரசாணை ஒன்றினால் வருவது. மற்றோர் அரசாணையால் போய்விடுவது. 2018 அக்டோபரில் மத்திய அரசு, மின்சாரத்தால் ஓடும் வாடகை வாகனங்களுக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என அறிவித்தது. பெர்மிட்டை நம்பி மிகுந்த விலை கொடுப்போர் இதை மறக்கலாகாது.

மலிவு என்னும் பெயர்

விலை குறைந்தால் வாங்குவோர் பெருகுவர் என்பது பொது விதி. ஆனால் அவ்விதிக்கும் விலக்கு உண்டு. 2009 மார்ச்சில் டாட்டா நிறுவனம் ஒரு இலட்ச ரூபாய் விலையில் நானோ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரு சக்கர வண்டியில் மனைவி மக்களை நெருக்கி ஏற்றிச் செல்லும் குடும்பத்திற்குப் பாதுகாப்பான வண்டி வேண்டும் என்னும் உயரிய எண்ணத்தில் பிறந்தது அது. ஆயினும் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. பத்தாண்டுகள் முடிவதற்குள் உற்பத்தியே நின்றது. உலகிலேயே மலிவான கார் என்று விளம்பரம் பெற்றதே அதற்குத் தீங்காயிற்று என அதன் தந்தையான ரத்தன் டாட்டாவே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். மலிவான பொருளை வாங்கினான் என்று ஊரார் சொல்வதை எவரும் விரும்புவதில்லை. வாங்கும்போதே தயங்கும் பொருளை, பழையதாகிய பின் யார் விரும்பிக் கேட்பார்?

கடல் கடந்த நாடுகளில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் உல்லாசப் பயணத்திற்கு உரியது. கனடா நாட்டு பி.ஆர்.பி. நிறுவனம் 2007இல் ‘ஸ்பைடர்’ என்னும் வண்டியை வெளியிட்டது. முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாகச் சக்கரங்கள் கொண்டது அது. இரு சக்கர வண்டியைத் தாங்கி நிறுத்த வலுவில்லாத முதியோரும் அதை விரும்பினர். விலையோ மிகுதி. எனவே 2018இல் அதே நிறுவனம் ‘ரைக்கர்’ என்னும் எளிய வண்டியை 8,499 டாலர் தொடக்க விலையில் கொண்டுவந்தது. கியர் மாற்றும் வேலை இல்லை, பாகங்கள் குறைவு, 600 சி.சி. எஞ்சினிலும் கிடைத்தது. இளைஞரும் பெண்டிரும் புதிதாக இத்துறைக்குள் வர வழி பிறந்தது.

ஆனால் பழைய ஸ்பைடரை விற்க நினைத்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள். ஐந்தாண்டு ஓடிய வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் உத்தரவாதத்துடன் புத்தம் புதிய ரைக்கரே கிடைக்குமென்றால், வாங்குவோர் எப்பக்கம் சாய்வர்? எனினும் ஸ்பைடருக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. நெடும்பயணம் செல்வோருக்கும், பின்னிருக்கையில் துணைவியை வசதியாக அமர்த்திச் செல்வோருக்கும் எளிய வண்டி போதாது. மலிவான வண்டி எந்தத் தேவையை நிறைவேற்றவில்லையோ, அந்தத் தேவைக்கு உதவும் பழைய வண்டி தன் மதிப்பை ஓரளவு காத்துக்கொள்ளும்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். சமதரையில் பத்துக் கல் தொலைவு பிள்ளைகளை ஏற்றி இறக்க மெல்லிய வண்டி போதும். வெங்காய மூட்டைகளுடன் நெடுஞ்சாலையில் ஓட வேண்டுமானால் வலுவான வண்டியே வேண்டும். அதைத் தேடி வருவோர் இருந்துகொண்டே இருப்பர்.

மலிவிலும் மலிவான மூன்று சக்கர வண்டி ஒன்று தமிழகத்திலேயே உண்டு. வடசென்னையில் ‘மீன்பாடி வண்டி’ என வழங்கும் அது, மிதிவண்டிச் சட்டத்தில் பழைய எஞ்சினைப் பொருத்திப் பட்டறையில் செய்யப்படுவது. பதிவு இல்லை, காப்பீடும் இல்லை. குறைந்த முதலில் ஒருவன் பிழைப்புத் தொடங்க அது உதவியது மெய்யே. ஆனால் விபத்து நேர்ந்தால் இழப்பீடு கிடையாது. காவலர் கைப்பற்றினால் கேட்பார் கிடையாது. விற்கப் போனால் ஆவணம் கிடையாது. முதலுக்கே மோசம் என்பது இதுதான்.

மின்சார ஆட்டோவை நம்பலாமா?

இன்று பலரும் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. மின்சார மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையில் 2023இல் இந்தியா சீனத்தை முந்தி உலகில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டு விற்றவை 5,80,000க்கும் மேல் எனப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டுள்ளது. எனவே இது நாளைக்கு மறையும் புதுமையன்று. நாள்தோறும் எரிபொருளுக்குச் செலவிடும் தொகை பெரிதும் குறைகிறது என்பதும் உண்மை.

ஆனால் விற்கும் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சார வண்டியின் விலையில் பெரும்பங்கு மின்கலத்தின் விலை. எஞ்சின் வண்டியை வாங்க வருபவர் புகையைப் பார்ப்பார், ஓசையைக் கேட்பார், நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுவார். மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்கிய மரபல்லவா நம்முடையது! மின்கலத்திற்கு அத்தகைய பல் வெளியே தெரிவதில்லை. அது இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. அறிய இயலாதபோது வாங்குபவர் அச்சத்தையும் விலையிலிருந்து கழித்துக்கொள்கிறார்.

வட மாநிலங்களில் பெருகிய ‘இ-ரிக்‌ஷா’க்கள் இதற்குச் சான்று. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லாத அவற்றில் பெரும்பாலும் ஈய-அமில மின்கலங்களே பொருத்தப்பட்டன. அவை ஏறத்தாழ ஓராண்டிலேயே சோர்ந்துவிடும். மின்கலம் சோர்ந்த வண்டியை விற்கப் போனால் இரும்பு விலைக்குத்தான் கேட்பர். லித்தியம் மின்கலம் கொண்ட ஆட்டோக்கள் இவற்றினும் மேலானவை. பல ஆண்டு உத்தரவாதத்துடன் வருபவை.

அரசின் உதவித்தொகையும் கணக்கில் வர வேண்டியது. 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடைபெற்ற ‘ஃபேம்’ இரண்டாம் கட்டத் திட்டத்தில், வண்டியின் விலை உதவித்தொகையால் குறைக்கப்பட்டது. பழைய வண்டியை வாங்குபவர், உதவித்தொகை கழிந்த விலையிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார். நமக்குக் கிடைத்த சலுகையை விற்கும் நாளில் மீண்டும் பெற எண்ணலாகாது.

குடும்பக் கணக்கு

ஆகவே, வாங்கும் விலையை மட்டும் பார்ப்பது அரைக் கணக்கு. முழுக் கணக்கு யாது? வாங்கும் விலையிலிருந்து, விற்கும் நாளில் கிடைக்கக்கூடிய விலையைக் கழிக்க வேண்டும். மீதியை வைத்திருக்கும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். அத்துடன் ஓராண்டின் எரிபொருள், பழுது, காப்பீடு, வட்டி ஆகியவற்றைக் கூட்ட வேண்டும்.

விளக்கத்திற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி ரூ. 2,60,000, ஐந்தாண்டு கழித்து ரூ. 1,30,000க்கு விற்கிறது. ஆண்டுக்கு இழப்பு ரூ. 26,000. மற்றொன்று ரூ. 1,80,000, ஐந்தாண்டு கழித்து ரூ. 30,000தான் தேறுகிறது. ஆண்டுக்கு இழப்பு ரூ. 30,000. எண்பதாயிரம் மலிவாகக் கிடைத்த வண்டியே ஆண்டுதோறும் நாலாயிரம் மிகுதியாக விழுங்குகிறது!

ஆனால் அந்த மலிவான வண்டி நாளொன்றுக்கு நூறு ரூபாய் எரிபொருள் மிச்சப்படுத்துமானால், முந்நூறு நாள் ஓட்டத்தில் ரூ. 30,000 மீளும். அப்போது அதுவே சிறந்தது. எனவே மலிவானது கெட்டது என்றும் விலை மிகுந்தது நல்லது என்றும் நாம் சொல்லவில்லை. பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கிட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முக்கியமாக, எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தேய்ந்து போகும்வரை ஓட்டுபவருக்குச் சந்தை விலை இறங்கினாலும் ஏறினாலும் பெரிய நட்டமில்லை. பழைய வண்டி வாங்குபவருக்கு விலை இறக்கம் இலாபமே. இடையில் விற்க நேர்பவரே அடிபடுபவர். அதிலும் கடன் தீராமல் விற்பவர் நிலை மிகவும் இரங்கத்தக்கது. முன்பணம் குறைவாகவும் தவணைக்காலம் நீண்டும் இருந்தால், வண்டியின் மதிப்பு கடனைவிட விரைவாகக் கரையும். ஒரு கட்டத்தில் வண்டியை விற்றாலும் கடன் அடையாது. மலிவான வண்டி என்றாலும், இயன்ற அளவு முன்பணம் கட்டித் தவணையைச் சுருக்குவதே காப்பு.

கைமாறும்போது கவனிக்க வேண்டியவை

பழைய ஆட்டோவின் விலையை ஏற்றுவது மெருகெண்ணெய் மட்டுமன்று, ஒழுங்கான ஆவணங்களும்தான். ஆர்.சி., எஃப்.சி., காப்பீடு, பெர்மிட் ஆகியவை நடப்பில் இருக்க வேண்டும். வாடகை வண்டிக்கு எட்டாண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். எட்டாண்டை நெருங்கும் வண்டிக்கு இதனாலும் விலை குறையும். கடனில் வாங்கியதாயின், கடன் தீர்ந்த சான்று பெற்று ஆர்.சி.யிலுள்ள அடைமானக் குறிப்பை நீக்க வேண்டும். எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும் வண்டிக்கும், பழுது பார்த்த சீட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர் வண்டிக்கும் சந்தையில் தனி மதிப்பு உண்டு.

விற்பவர் பணம் வந்துவிட்டதென்று வாளாவிருத்தல் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்திற்குள் விற்றால் 14 நாள்களுக்குள் விற்பவரும், 30 நாள்களுக்குள் வாங்குபவரும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவரைச் சாரும் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தரகரை நம்பி வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்போர் நம்மில் எத்தனை பேர்! விற்ற வண்டி எங்கோ ஒருவர் மேல் ஏறினால், வழக்கு நம் வீட்டு வாசலுக்கு வரும்.

திண்ணையில் எடுத்த முடிவு

சிறுவாச்சூர் ஓட்டுநரின் கதை என்னவாயிற்று எனக் கேட்பீர்கள். நாம் பேசிக் கொண்டிருந்தபோது அவர் மனைவி, பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தார். அதில் மூன்றாண்டு வரவு செலவு எழுதப்பட்டிருந்தது. தரகர் கேட்கும் விலைக்கு விற்றால், கடன் போகக் கையில் நிற்பது முதலாண்டுக் கட்டணத்திற்கே போதாது. விற்ற மறுநாள் முதல் வருமானமும் இல்லை. வண்டியை வைத்திருந்தாலோ, இன்னும் பதினான்கு தவணையில் கடன் தீரும்; அதன்பின் வருவதெல்லாம் வீட்டிற்கே.

“ஏங்க, வண்டிய வித்துட்டு அடுத்த வருசப் பீசுக்கு எதை விக்கறது?” என்று அவர் கேட்டார். கணவரிடம் மறுமொழி இல்லை.

மகளுக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குச் செல்வது, முதல் தவணைக் கட்டணத்திற்கு இரண்டு ஆடுகளை விற்பது என்று அன்று முடிவாயிற்று. தரகரிடம் அவரே தொலைபேசியில் பேசி, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். புதிய வண்டியின் விலை இறங்கியதால் தம் வண்டியின் விலை இறங்கியது மெய்யே; ஆனால் அது நாள்தோறும் ஈட்டித்தரும் பணம் இறங்கவில்லை என்பதை அந்த நோட்டுப் புத்தகமே அவருக்குக் காட்டியது.

‘மலிந்த சரக்குக் கடைத்தெருவுக்கு வரும்’ என்பார்கள் நம் முன்னோர். மலிந்தது வரும்போது வரட்டும். அதை வாங்குமுன்னும், அதற்கு அஞ்சி நம்முடையதை விற்குமுன்னும், வீட்டிலுள்ள நோட்டுப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்ப்போம்.